படிவத்தில் 'மிக நன்று', வகுப்பறையில் ஒன்றுமில்லை

வணக்கம். கல்வியியற் கல்லூரியில் ஆசிரிய மாணவர்களுக்கு நடத்தும் கணினிச் செயலமர்வு முடிந்ததும் கொடுக்கும் கருத்துப் படிவத்தில் எல்லோரும் 'மிக நன்று' என்று எழுதுகிறார்கள், ஆனால் கட்டுறு பயில்வுக்கு (மூன்றாம் வருடம் பாடசாலையில் கற்பித்துப் பழகும் காலம்) போனதும் யாரும் கணினியைத் தொடுவதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். மட்டக்களப்பில் இதே வேலையில் இருப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

படிவம் போகும் நேரமே பிழை. புள்ளி போடும் விரிவுரையாளர் முன்னால் நிற்க, பெயர் எழுதிக் கொடுக்கும் தாளில் யார் குறை சொல்வார்? 1959இல் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கேர்க்பட்ரிக் பயிற்சி மதிப்பீட்டை நான்காகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றார்களா, செய்கிறார்களா, பலன் கிடைத்ததா. உங்கள் படிவம் முதலாவதோடு நின்றுவிடுகிறது.

அதனால் மூன்றாம் வருடத்தில், அவர்கள் பாடசாலையில் இருக்கும்போது கேளுங்கள். பெயர் வேண்டாம். 'பயனுள்ளதா?' என்ற கேள்வியையும் விடுங்கள். 'கடைசியாக எந்தப் பாடத்துக்குக் கணினியைப் பாவித்தீர்கள்? எந்த இடத்தில் கைவிட்டீர்கள்?' என்று கேளுங்கள். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி போன்ற கிராமப் பக்கம் இருப்பவருக்கு சிக்னல் சிக்கலாக இருக்கலாம். நகரத்தில் இருப்பவருக்குக் கணினி அறைச் சாவி அதிபரிடம் இருப்பது சிக்கலாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே செயலமர்வு மருந்தாகாது. கூகுள் படிவம் திறக்க டேட்டா இல்லாதவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பட்டும். பெயர் மறைய வேண்டுமென்றால் அதை வகுப்புப் பிரதிநிதி எழுத்தாக்கித் தரலாம்.

அப்புறம், வந்த பதிலால் எதை மாற்றினீர்கள் என்று அவர்களிடமே சொல்லுங்கள். சின்ன மாற்றமாக இருந்தாலும் சரி. அது தெரியாவிட்டால் அடுத்த முறையும் 'மிக நன்று'தான் வரும்.

இப்போதுள்ள படிவத்தை இங்கே போடுங்கள், கேள்விகளைச் சேர்ந்து திருத்தலாம்.