வைரத்தில் புள்ளி இருந்தால் தோஷமா?

கேள்வி: கணவரின் சேமநிதிப் பணத்தில் மகள் கல்யாணத்துக்கு அரை காரட் ஒற்றைக்கல் மோதிரம் எடுக்கிறோம். கடையில் காட்டிய வட்டக் கல்லின் தெளிவுத்தரம் எஸ்.ஐ.1. "வி.வி.எஸ்.1க்குக் கீழே எடுத்தால் தோஷம், மறுவிலையும் கிடைக்காது" என்கிறார் தரகர். என்ன செய்வது?
- தோட்டத்து வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: எடுக்கலாம் அம்மா, கல்லை நீங்களே பார்த்த பிறகு.

கல்லைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது உள்ளே தெரியும் புள்ளி, மங்கல், விரிசல் இவற்றின் கணக்குதான் தெளிவுத்தரம். அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் அதற்கு 11 படிகள்; மேலிருந்து வி.வி.எஸ்.1 மூன்றாவது, எஸ்.ஐ.1 ஏழாவது. அரை காரட் கல்லோ மிளகளவு, குறுக்கே சுமார் 5 மில்லிமீட்டர். எஸ்.ஐ.1 கல்லின் குறை பெரும்பாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. சம்பந்தி வீட்டார் உருப்பெருக்கியோடு வரப்போவதில்லை.

கடை விளக்கில் கண்ணாடித்துண்டும் மின்னும். கல்லைத் துடைக்கச் சொல்லி, வாசல் நிழலுக்குக் கொண்டுபோய் ஒரு சாண் தள்ளிப் பாருங்கள். நடுவில் கறுப்பாக ஏதும் உறுத்தினால் வேண்டாம்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். இறகு போன்ற விரிசல் கல்லின் விளிம்பைத் தொட்டால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். மோதிரம் குழாயில் இடிபடும், அம்மிக்கல்லில் மோதும். பத்தர் கம்பியை மடக்கி அழுத்தியபோதே அப்படியொரு கல்லின் ஓரம் தெறித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த விரிசல் எங்கே என்று காட்டும் படம் ஜி.ஐ.ஏ. தரும் முழு அறிக்கையில் இருக்கும். சின்னக் கல்லுக்கு வழக்கமாகத் தரும் சுருக்க அறிக்கையில் இருக்காது. சிறுகச் சேர்த்து வாங்குகிறவருக்குப் படம் வேண்டாமென்று யார் முடிவு செய்தார்களோ! கடைக்காரரையே உருப்பெருக்கியில் விளிம்பைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

தோஷம் கல்லில் இல்லை, தரகரின் கமிஷனில் இருக்கிறது. விலை ஏற ஏற அவர் பங்கும் ஏறும். மறுவிலையா? வைரம் தங்கம் அல்ல, வி.வி.எஸ். கல்லையும் கொடுத்த விலைக்குப் பெரும்பாலும் யாரும் திருப்பி எடுப்பதில்லை. விரிசலில் கண்ணாடி போன்ற பொருளை ஊற்றி மறைத்த கல்லையும் தரகர்களில் சிலர் தள்ளிவிடுவார்கள். பத்தரின் தீ பட்டாலே அந்தப் பூச்சு கெட்டுவிடும். அத்தகைய கல்லுக்கு ஜி.ஐ.ஏ. தரம் போடுவதே இல்லை. அதனால்தான் தரகர் கையில் கடையே அச்சடித்த பளபள அட்டை இருக்கும்.

மோதிரத்தில் பதிப்பதற்கு முன்பே கல்லைத் தனியாகப் பாருங்கள். சுருக்க அறிக்கை பெற்ற கல்லின் இடுப்பில், அதாவது சுற்று விளிம்பில், லேசரால் பொறித்த எண் இருக்கும். அறிக்கை எண்ணோடும் ஜி.ஐ.ஏ. இணையதளத்தோடும் அதை ஒப்பிட்டுப் பார்க்க மகளிடம் சொல்லுங்கள். அதுவரை முன்பணம் ஒரு ரிங்கிட்கூட வேண்டாம்.