அபுதாபி 2021-க்குப் பிறகும் ஃபார்முலா ஒன் நடுவர்களை நம்பி எப்படிப் பந்தயம் பார்க்கிறீர்கள்?

நீங்கள் 2020, 2021 வாக்கில் பார்க்க ஆரம்பித்தவர் என்று கேள்வியிலேயே தெரிகிறது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அந்த நம்பிக்கை போய்ப் பதினாறு வருஷம் கழித்துத்தான், கார் பந்தய உலகப் பட்டம் கடைசிச் சுற்றில் கைமாறிய உங்கள் அபுதாபியே வந்தது. நான் கோயமுத்தூர்க்காரன். என் வயிற்றெரிச்சல் 2005-ஐச் சேர்ந்தது.

அந்த வருஷம்தான் எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் சேர்ந்து, ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். நான் அப்போது எங்கள் ஊர் கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை இண்டியானாபொலிஸில் அமெரிக்க கிராண்ட் ப்ரீ. நமக்கு அது நடுராத்திரி. அப்பா தூங்குகிறார் என்று டிவி சத்தத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துக்கொண்டு, பட்டறை நண்பனும் நானும் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தோம்.

பந்தயம் தொடங்கும் முன் ஓட்டும் வார்ம் அப் சுற்றுக்கு இருபது கார்கள் கிளம்பின. சுற்றி வந்து அவரவர் கட்டத்தில் நிற்க வேண்டிய இடத்தில், ஒன்றன் பின் ஒன்றாகப் பதினாலு கார்கள் டயர் மாற்றும் பிட் லேனுக்குள் திரும்பிவிட்டன. "என்னடா, எல்லாரும் பஞ்சர் ஒட்டப் போறாங்களா?" என்றான் நண்பன். அது கிட்டத்தட்ட உண்மை என்பது பிறகுதான் புரிந்தது. மிச்சம் ஆறு கார்கள்: இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. ஆறும் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்டவை. உள்ளே திரும்பிய பதினாலும் மிஷ்லின் கம்பெனி டயர்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டயோட்டா பதின்மூன்றாவது வளைவில் டயர் போய்ச் சுவரில் மோதியது. சரிவாகக் கட்டிய அந்த வேக வளைவை எங்கள் டயர் முழுப் பந்தயமும் தாங்காது என்று மிஷ்லின் கையை விரித்துவிட்டது. அந்த வருஷ விதிப்படி தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர்தான். வளைவுக்கு முன்னால் தற்காலிகமாக, காரை வளைந்து நெளிந்து போக வைக்கும் ஒரு சிக்கேன் போட்டு வேகத்தைக் குறையுங்கள், எங்களுக்குப் புள்ளிகூட வேண்டாம், ஓட்டுகிறோம் என்றார்கள் மிஷ்லின் அணிகள். விதிகளைப் போடும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ முடியாது என்றது. வேண்டுமானால் அந்த வளைவில் மட்டும் மெதுவாகப் போங்கள், இல்லை அடிக்கடி பிட்டுக்கு வந்து டயர் மாற்றுங்கள் என்றது. விதி விதிதானாம்.

டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் கத்தியது. பாட்டில்கள் பறந்தன. மைக்கேல் ஷூமாக்கர் ஜெயித்தார், அந்த வருஷம் அவருக்கு அந்த ஒரே வெற்றிதான். எங்கள் நரேன் நாலாவது.

தண்ணீர் குடிக்க எழுந்த அப்பா வாசற்படியில் நின்றபடியே கேட்டார். "யாரு நம்ம பையனா?"

"ஆமாங்ப்பா. நாலாவதா வந்துட்டு இருக்காரு."

"எத்தனை பேர்ல?"

சொல்ல வாய் வரவில்லை. நண்பன்தான் சொன்னான். அப்பா தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பேப்பரில் வந்த படத்தை வெட்டி என் டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். இரண்டு நாளில் யாரோ அதில் 4-க்குப் பக்கத்தில் பென்சிலால் "/6" என்று எழுதிவிட்டார்கள். அன்று கிடைத்த 5 புள்ளிதான் நரேன் ஃபார்முலா ஒன்னில் எடுத்த மொத்தப் புள்ளி. வேறு எந்த இந்தியரும் இன்றுவரை ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. எங்கள் ஊரின் பெருமையான நாளை உலகமே கேலிக்கூத்து என்கிறது. நரேனை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் கம்பைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். தனக்குக் கொடுத்த காரை அவர் கடைசி வரை ஓட்டினார், அவ்வளவுதான். மிஷ்லின் மேல் தப்பே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. டயர் சொதப்பியது அவர்கள்தான். அடுத்த வருஷப் பந்தயத்துக்கு இருபதாயிரம் டிக்கெட் வாங்கி ரசிகர்களுக்குக் கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

இப்போது உங்கள் அபுதாபிக்கு வருவோம். அந்தக் கடைசிப் பந்தயத்துக்கு முன் பட்டத்துக்குப் போட்டியிட்ட ஹாமில்டன், வெர்ஸ்டாப்பன் இருவரும் 369.5 புள்ளி. அந்த அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? அதே வருஷம் பெல்ஜியத்து ஸ்பாவில் கொட்டும் மழையில், எல்லாரையும் மெதுவாகப் போக வைக்கும் சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்வலம் போய்விட்டு, அதையும் பந்தயம் என்று சொல்லி வழக்கமான புள்ளியில் பாதியைக் கொடுத்தார்களே, அங்கிருந்து. அப்புறம் கடைசிப் பந்தயத்தில் லடிஃபி என்ற ஓட்டுநர் மோதி சேஃப்டி கார் வந்தபோது, ஒரு சுற்று பின்தங்கிய கார்கள் அதை முந்தக் கூடாது என்று முதலில் சொன்னார்கள். சற்று நேரத்தில் முன்னால் இருந்த ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவில் நின்ற ஐந்து கார்களை மட்டும் முந்தச் சொன்னார்கள். பின்தங்கிய மற்ற கார்கள் நின்ற இடத்திலேயே நின்றன. சேஃப்டி காரும் விதிப்படி இன்னொரு சுற்று இருக்காமல் உள்ளே போனது. கடைசிச் சுற்றில் வெர்ஸ்டாப்பன் முந்தினார், பட்டம் கைமாறியது. முந்தலாம் என்ற விதியில் "எனி கார்ஸ்" (எந்தக் கார்களும்) என்று இருந்ததைப் பிறகு "ஆல் கார்ஸ்" (எல்லாக் கார்களும்) என்று திருத்தினார்கள். பந்தய இயக்குநர் மாஸியை மாற்றினார்கள். மனிதத் தவறு, நல்லெண்ணத்தில் நடந்தது, முடிவு செல்லும் என்று அறிக்கையும் வந்தது.

வெர்ஸ்டாப்பனுக்குப் பட்டத் தகுதி இல்லை என்பதல்ல என் பேச்சு. அந்த வருஷம் அவர் ஓட்டிய ஓட்டத்தை நானும்தான் பார்த்தேன். என் கடுப்பு வேறு. இண்டியானாபொலிஸில் இத்தனை பேர் காசு கொடுத்து வந்திருக்கிறார்களே என்றபோது விதியை ஒரு நூல்கூட வளைக்க மாட்டேன் என்றார்கள். அபுதாபியில் ரசிகர்களுக்கு ஒரு நல்ல முடிவு வேண்டுமே என்று விதியை வளைத்தார்கள். இரண்டு தடவையும் முட்டாளானது பார்த்துக்கொண்டிருந்தவன். ஒவ்வொரு பந்தயத்துக்கும் வேறு வேறு நடுவர் குழு வேறு. ஒரே மாதிரித் தப்புக்கு ஓர் ஊரில் ஐந்து நொடி அபராதம், அடுத்த ஊரில் பத்து நொடி.

இதெல்லாம் போதாதென்று பார்ப்பதற்கே இப்போது தனிச் செலவு. அன்றைக்குக் கேபிள்காரருக்கு மாதம் ஒரு தடவை கொடுத்த காசில் எல்லாமே வந்தது. இன்று கிரிக்கெட்டுக்கு ஒரு செயலி, கார் பந்தயத்துக்கு ஒரு செயலி, வீட்டில் சீரியலுக்கு ஒரு செயலி. அதிலும் சரியாகக் கடைசி இரண்டு சுற்றில் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கும். புகார் சொன்னால் உங்கள் நெட்டைச் சரிபாருங்கள் என்று பதில் வரும். எங்கள் நெட்டில் மற்றதெல்லாம் ஓடுகிறதே ஐயா!

சரி, கேட்டதற்குப் பதில். நம்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பார்க்கிறேன். செக்கர்டு கொடி விழுந்ததும் ரிமோட்டைக் கீழே வைக்காமல், விசாரணை, அபராதம் எல்லாம் முடிந்து பட்டியல் நிலைக்கும் வரை உட்கார்ந்திருப்பேன். அந்தப் பழைய டூல் பாக்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பென்சில் எழுத்தை ஒருமுறை ரப்பரால் அழித்துப் பார்த்தேன், பேப்பர் கிழிய ஆரம்பித்தது, விட்டுவிட்டேன்.