வலிக்காத இடத்திலேயே ஊசி போடலாமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 64. ஒன்பது ஆண்டுகளாக வீட்டிலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தில்தான் போடுவார். அங்கே வலிப்பதே இல்லை என்கிறார். மருத்துவர் அளவைக் கூட்டிய பிறகும் சர்க்கரை ஒருநாள் 300, மறுநாள் 70 என ஏறி இறங்குகிறது. மருந்தில்தான் கோளாறா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: மருந்தைச் சந்தேகிக்கும் முன் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். தாயாரைப் படுக்கச் சொல்லி, விரல் நுனிகளில் சிறிது சோப்பு நுரையைத் தொட்டுக்கொண்டு மெல்ல நீவினால், கண்ணுக்குத் தெரியாத தடிப்பும் கைக்குத் தட்டுப்படும். பக்கத்துத் தோலைக் கிள்ளினால் மெல்லிய மடிப்பாக எழும். தடித்த இடம் அப்படி எழாது.

இன்சுலின், கொழுப்பைச் சேர்த்துவைக்கத் தூண்டும் ஹார்மோன். அது ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இறங்கும்போது அங்குள்ள கொழுப்புத் திசு பெருத்துத் தடித்துவிடுகிறது. ஒரே ஊசியைப் பல நாள் பயன்படுத்துவதும் அதற்குத் துணைபோகிறது. தடித்த இடத்தில் வலி குறைவு என்பதால் நோயாளிகள் அதையே தேடிப் போகிறார்கள். ஆனால் அங்கிருந்து மருந்து ரத்தத்தில் கலக்கும் வேகம் ஒருநாள் போல் மறுநாள் இருப்பதில்லை. நீங்கள் சொல்லும் ஏற்ற இறக்கத்துக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

தடிப்பு இருந்தால் அங்கே ஊசி படவே கூடாது. ஆனால் கூட்டிய அளவை அப்படியே நல்ல இடத்தில் போட்டால், மருந்து முழுவதும் உடலில் ஏறிச் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். ஆகவே இடத்தை மாற்றும் முன்பே மருத்துவரிடம் காட்டி அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டு, வயிற்றை நான்கு பாகமாகக் கொண்டு, வாரத்துக்கு ஒரு பாகம் என மாற்றி, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போட்டு வரலாம்.

குப்பி மருந்து என்றால் சிரிஞ்சையும் ஒருமுறை பாருங்கள். மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்தை, 100 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சில் 40 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 16 யூனிட் மட்டுமே. மாற்றி எடுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். மருந்துக் கடையில் கைக்குக் கிடைத்ததைக் கொடுத்துவிடுவதும் உண்டு. பெரும்பாலும் 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. இரண்டும் அவசரத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதால், மூடியை நம்பாமல் எழுத்தைப் படித்து வாங்குங்கள்.