சீட்டில் எழுதியிருக்கும் எண்

அன்புள்ள ஐயா,

ஸ்கூபா முக்குளிப்பில் நைட்ராக்ஸ் (சாதாரணக் காற்றைவிட ஆக்ஸிஜன் மிகுந்த வாயுக்கலவை) பயிற்சியை அண்மையில் முடித்தேன். சிலிண்டரின் வாயுவை மூச்சுவிடும் அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் ஆறாண்டுகளாக என்னிடம் உள்ளது; அது இதற்குப் போதுமா, அல்லது நைட்ராக்ஸுக்கென்று பச்சை நிறத்தில் வருவதை வாங்க வேண்டுமா? எடை குறைவென்று டைட்டானிய ரெகுலேட்டரையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அதன் உள்ளமைப்பு பிஸ்டனா, டயஃப்ரமா (வளையும் சவ்வு) என்ற குழப்பமும் உண்டு. ஆக்ஸிஜன் விழுக்காட்டைச் சிலிண்டரை நிரப்புபவர்களே அளந்து சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டிவிடுவதால் அந்தக் கவலை எனக்கில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிஸ்டனா டயஃப்ரமா என்ற கேள்விக்கும் நைட்ராக்ஸுக்கும் தொடர்பில்லை, அதை விட்டுவிடுங்கள். 40 விழுக்காடு ஆக்ஸிஜன் வரை பெரும்பாலான தயாரிப்பு நிறுவனங்கள் தங்கள் வழக்கமான ரெகுலேட்டரையே அனுமதிக்கின்றன. உங்களுடையதன் கையேடு என்ன சொல்கிறதென்று பாருங்கள். 40க்கு மேல் போகும் எண்ணமிருந்தால் டைட்டானியம் வேண்டாம், ஏனெனில் ஆக்ஸிஜன் மிகுந்த அழுத்த வாயுவில் அந்த உலோகமே தீப்பற்றக்கூடியது.

பச்சை நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வால்வைச் சட்டென்று திறக்கும்போது வாயு ரெகுலேட்டரின் முதற்கட்டத்துக்குள் (சிலிண்டரோடு இணையும் பகுதி) பாய்ந்து, அமுக்கப்பட்டுச் சூடேறுகிறது; அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ சாதாரண சிலிக்கான் கிரீஸோ இருந்து, வாயுவில் ஆக்ஸிஜனும் மிகுந்திருந்தால் அது பற்றிக்கொள்ளலாம். அதனால்தான் 40 விழுக்காட்டுக்கு மேல் உட்பாகங்களை ஆக்ஸிஜனுக்கெனச் சுத்தம் செய்து, அதற்கேற்ற ஓ-ரிங்குகளும் (கசிவைத் தடுக்கும் வளையங்கள்) கிரீஸும் இடுகிறார்கள். ஆனால் அப்படிச் சுத்தம் செய்த ரெகுலேட்டரை எண்ணெய் கசியும் கம்ப்ரஸர் நிரப்பிய சிலிண்டரில் ஒரே ஒருமுறை மாட்டினாலும் அந்தச் சுத்தம் போய்விடும், மேலே இருக்கும் பச்சை நிறம் மட்டும் அப்படியே இருக்கும்.

சிலிண்டரின் சீட்டும் அப்படித்தான். உங்கள் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. பயிற்சியில் உங்களுக்கு முதலில் சொல்லித்தந்திருக்க வேண்டிய ஒன்றை, கவலையில்லை என்று எப்படி எழுதத் துணிந்தீர்கள்?

பல ஆண்டுகளுக்கு முன், 30 மீட்டர் ஆழத்தில் கிடந்த ஒரு கப்பலைப் பார்க்கச் சென்றபோது, எனக்குத் தந்த சிலிண்டரின் சீட்டில் 32 என்று தெளிவாக எழுதி, கையொப்பமும் இட்டிருந்தார்கள். நான் ரெகுலேட்டரை மாட்டிவிட்டேன். உடன் வந்த மூத்தவர் ஒருவர், ஒன்றும் பேசாமல் அதைக் கழற்றவைத்து, ஆக்ஸிஜன் அளவியை என் கையில் கொடுத்தார். அது 38 காட்டியது. அளவிதான் பிழையென்று எண்ணி, வெறுங்காற்றில் அதன் ஆக்ஸிஜன் அளவான 20.9க்குச் சரிசெய்துவிட்டு மீண்டும் அளந்தேன், மறுபடியும் 38.

கணக்கு எளியது. 30 மீட்டரில் மொத்த அழுத்தம் 4 பார். 32 விழுக்காடென்றால் ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) 1.28 பார், 38 என்றால் 1.52. நாம் கைக்கொள்ளும் எல்லையோ 1.4. உயர் அழுத்த ஆக்ஸிஜன் வலிப்பை உண்டாக்கும் என்று பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர்ட் 1878இலேயே எழுதிவிட்டார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்காக மருத்துவர் கென்னத் டொனால்ட் நடத்திய சோதனைகளில், ஒரே மனிதரின் தாங்குதிறன்கூட நாளுக்கு நாள் பெரிதும் மாறியது. நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்கு உறுதியாகாது. எந்த முன்னறிகுறியும் இல்லாமல் வலிப்பு வரலாம். தரையில் அதிலிருந்து பிழைத்துக்கொள்பவர், நீருக்கடியில் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவி மூழ்கிப்போவார். அன்று அந்த மூத்தவர் இல்லையென்றால் அந்தச் சீட்டை நம்பியே நான் இறங்கியிருப்பேன். இன்றும் வால்வைத் திறக்கும்போதெல்லாம் அவர் முகம் நினைவுக்கு வருகிறது.

ஆகவே நீங்களே அளக்க வேண்டும். காற்றில் சரிசெய்து, வால்வை மெல்லத் திறந்து, எண் அசையாமல் நிற்கும்வரை பொறுத்திருந்து, விழுக்காட்டையும் அதற்குரிய அதிகபட்ச ஆழத்தையும் உங்கள் கையால் எழுதி ஒட்டுங்கள். 32க்கு ஏறத்தாழ 33 மீட்டர், 36க்கு 28. நிரப்பித் தருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் அளப்பதை நீங்கள் அருகில் நின்று பார்த்திருந்தாலும், மறுபடி அளங்கள்.

ஆறாண்டு ரெகுலேட்டரைக் கடைசியாகப் பிரித்துப் பராமரித்தது எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைச் செய்யுங்கள். கையேடு அனுமதித்தால் அதையே வைத்துக்கொண்டு, புதியதற்கு ஒதுக்கிய பணத்தில் ஓர் ஆக்ஸிஜன் அளவியை வாங்குங்கள். அதன் சென்சார் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தேய்ந்துபோகும். வாங்கிய தேதியை அதன்மேல் எழுதிவையுங்கள்.

அன்புடன்.