மழை ஆள் பார்க்குமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வெள்ளம் வந்தால் வடசென்னைதான் அதிகம் அவதிப்படுகிறது என்ற உங்கள் கட்டுரையை வாசித்தேன். 2015இல் வேளச்சேரியில் எங்கள் தரைத்தளமும்தான் மூழ்கியது. மழை ஆள் பார்த்தா பெய்கிறது? வடக்கு, தெற்கு என்று பிரித்துப் பேசத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர், வேளச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

மழை ஆள் பார்ப்பதில்லை, உண்மைதான். ஆனால் பெய்த தண்ணீர் எங்கே, எத்தனை நாள் நிற்கும் என்பதை ஊர்தான் முடிவுசெய்கிறது. புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே ‘கறுப்பர் நகரம்’ என்று வெள்ளைக்காரன் நம்மவர்களை ஒதுக்கிய காலத்திலேயே தொடங்கிய கதை இது. பிறகு ஆலைகள், கொடுங்கையூர் குப்பைமேடு, அனல்மின் நிலையம் என எல்லாம் வடக்கே போயின. வேலை தேடி வந்தவர்களுக்கு மிஞ்சியது ஓட்டேரி நல்லா என்ற ஓடையின் கரையும் பக்கிங்காம் கால்வாயின் கரையும்.

வியாசர்பாடியில் ஒரு தெருவுக்குள் சாக்கடையோடு தண்ணீர் ஏறுகிறது என்று வையுங்கள். சிலிண்டரைக் கட்டில்மேல் ஏற்றிவிடலாம். தையல் மெஷினும் மாவு கிரைண்டரும் நனைந்துவிடும். அந்த வீட்டின் சம்பாத்தியமே அவைதான். பக்கத்து வீட்டில் கைமாற்று கேட்கவும் வழியில்லை, அங்கேயும் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. எல்லாத் தரப்பினரும் கலந்து வாழும் தெருவில் ஒருவர் மாடியில் நாலு குடும்பம் ஒதுங்கும், இன்னொருவர் கார் பிரசவ வலி கண்டவளை ஏற்றிப்போகும், மற்றொருவர் போன் செய்தால் அதிகாரி எடுப்பார். இல்லாதவர்களை மட்டும் ஒரே இடத்தில் குவித்துவைத்தால் இந்தத் துணை அறுந்துபோகிறது. என் மனதை அதிகம் வருத்துவது இதுதான்.

இந்த மக்கள் சொல்லும் எச்சரிக்கையும் காதில் விழுவதில்லை. எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைகிறது என்று மீனவர்கள் பல வருடங்களாகச் சொல்லிவந்தார்கள். கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் வாய் அது. 2021இல் அந்த ஆற்றில் வந்த பூண்டி ஏரியின் உபரிநீர் மணலி புதுநகருக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் இறங்கி, படகும் வலையும் கருத்துப்போயின. அந்த எண்ணெயை வாளியால் மொண்டு அள்ளியவர்களும் அதே மீனவர்கள்தான்.

கால்வாய்க்கரைக் குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களை நகரின் தெற்கே பெரும்பாக்கத்துக்கு அனுப்புவதை வெள்ளத் தடுப்பு என்கிறார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம் அது. உங்கள் வேளச்சேரி ஏரி நிறைந்தால் தண்ணீர் போய்ச்சேர வேண்டியதும் அந்தச் சதுப்புக்குத்தான்.