சங்கரநாராயணரின் இடப்பாகம்

கேள்வி: சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் திருவுருவத்தின் இடப்பாதியில் திருமால் இருப்பது ஏன்? அச்சந்நிதியில் விபூதியுடன் துளசித் தீர்த்தமும் தருவது எதனால்?

பதில்: அர்த்தநாரீசுவரரின் இடப்பாகம் உமைக்கு உரியது என்பதை அறிவீர்கள், அதே இடத்தில்தான் சங்கரநாராயணர் வடிவில் திருமால் அமர்கிறார். இது தற்செயலன்று. திருமாலைச் சிவனின் சக்தியாகக் காணும் மரபு நம்மிடம் உண்டு; 'அரியலால் தேவி இல்லை ஐயன் ஐயாறனார்க்கே' என்று திருவையாற்றில் அப்பர் பாடியது அதைத்தான். மறுபுறம், தாழ்சடையும் நீள்முடியும், மழுவும் சக்கரமும் ஒருங்கே தோன்றும் உருவைத் திருவேங்கடத்தில் கண்டு பாடியவர் பேயாழ்வார். சைவம், வைணவம் ஆகிய இரு மரபுகளின் முதன்மையான அடியார்களும் இதைப் பாடியிருப்பது எனக்கு மிகுந்த நெகிழ்ச்சியைத் தருகிறது.

சங்கன், பதுமன் என்னும் நாக அரசர்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதிட்டதாகவும், இருவரும் ஒன்றே என்பதை உலகம் காண வேண்டிக் கோமதியம்மன் தவமிருந்ததாகவும் தலபுராணம் கூறுகிறது. ஆண்டுதோறும் நடைபெறும் ஆடித்தபசு விழா அத்தவத்தின் நினைவே. வலப்புறம் பிறையும் சடையும் மழுவும், இடப்புறம் மணிமுடியும் சங்கும் கொண்டு ஒரே திருமேனியாக நிற்பவருக்கு வழிபாடும் இரு மரபுகளையும் தழுவியே அமைய வேண்டும் அல்லவா? விபூதியும் தீர்த்தமும் அங்கே சேர்ந்து கிடைப்பது அதனால்தான்.