பெரா எனும் காது டெஸ்டில் 90 டெசிபலிலும் அலை வரவில்லை என்றால்?

ஏற்காட்டிலிருந்து ஒரு அப்பா கேட்கிறார்: "எட்டு மாதப் பெண் குழந்தைக்குச் சேலத்தில் பெரா டெஸ்ட் எடுத்தோம். இரண்டு காதிலும் 90 டெசிபலில் அலை இல்லை என்று எழுதிவிட்டார்கள். பாப்பாவுக்குச் சுத்தமாகவே கேட்காதா? பிறந்தபோது மஞ்சள் காமாலைக்கு ஐ.சி.யூ.வில் வைத்திருந்தார்கள். டெஸ்ட் எடுத்த இடத்தில் ஒருவர், இன்றே காது மெஷின் வாங்கினால் விலை குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்."

அந்த ஆளிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். ரிப்போர்ட்டின் மை காய்வதற்குள் விலை பேச வருகிறவர் கமிஷனுக்கு வந்தவர். 'இலவச பெரா' என்று பேனர் கட்டும் கடைகளும் அந்த ரகம்தான். மெஷினில் அமைக்கும் ஒலி அளவு இந்த டெஸ்டை வைத்துத்தான் முடிவாகிறது. டெஸ்ட் தப்பானால் எண்பதாயிரம் ரூபாய் மெஷினும் வீண்.

பெராவில் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஸ்டிக்கர் ஒட்டி, 'டிக் டிக்' என்ற ஒலியை ஆயிரக்கணக்கான முறை கொடுக்கிறோம். மூளைத்தண்டிலிருந்து வரும் பதில் ஒரு மைக்ரோவோல்ட்கூட இருக்காது. அத்தனை முறை கூட்டிச் சராசரி எடுத்தால்தான் அந்தப் பதிலில் நாங்கள் தேடும் ஐந்தாவது அலை தெரியும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, அது கடைசியாகத் தெரியும் அளவைக் குறிக்கிறோம். குழந்தை அசைந்தால் தசையின் மின்சாரம் அலையை விழுங்கிவிடும்.

அந்த 'டிக்' பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள உயர்ந்த ஒலியைப் பற்றித்தான் சொல்லும். மேளம் மாதிரித் தாழ்ந்த ஒலி பாப்பாவுக்குக் கேட்கிறதா என்று தெரியாது. அதனால் 500, 1000 என்று தனித்தனியாக டோன் பர்ஸ்ட் (ஒரே சுருதியில் வரும் சின்ன ஒலி) வையுங்கள் என்று கேளுங்கள், அல்லது சுருதி சுருதியாக மூளையின் பதிலைப் பார்க்கும் ஏ.எஸ்.எஸ்.ஆர். டெஸ்ட் எடுங்கள். ஏ.எஸ்.எஸ்.ஆரில் 90-க்கு மேலேயும் சத்தம் கொடுத்துப் பார்க்கலாம்.

மஞ்சள் காமாலை என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கடுமையான மஞ்சள் காமாலை கேட்கும் நரம்பைப் பாதிக்கலாம். காதின் உள்ளே எல்லாம் சரியாக இருந்தும், நரம்பு செய்தியை ஒரே தாளத்தில் அனுப்பாத குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு, உள்காது திருப்பி அனுப்பும் எதிரொலியைப் பார்க்கும் ஓ.ஏ.இ. டெஸ்டில் பாஸ் வரும், பெராவில் கோடு தட்டையாக இருக்கும். அப்போது பெராவை வைத்துக் கேட்கும் அளவைச் சொல்லவே முடியாது. திரும்பவும் சொல்கிறேன், முடியவே முடியாது. பாப்பா சத்தத்துக்குத் திரும்புகிறாளா என்று பல நாள் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிறந்த ஆஸ்பத்திரியில் ஓ.ஏ.இ. பாஸ் என்று சீட்டு கொடுத்திருப்பார்கள். ஐ.சி.யூ. குழந்தைக்கு அதோடு நிறுத்தியிருக்கக் கூடாது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் மெஷின் என்பது விதி. எட்டாவது மாதத்தில் முதல் பெரா! யாரைச் சொல்ல?

அதற்காக ஆறப்போடாதீர்கள். இரண்டு வாரத்துக்குள் மறுபடி எடுங்கள். சளி இருந்தால் முதலில் ஈ.என்.டி. டாக்டர் நடுக்காதைப் பார்க்கட்டும். கடைசியில் காக்ளியர் இம்பிளான்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கும் கருவி) தேவைப்பட்டாலும், ஆறு வயதுக்குள் முதலமைச்சர் காப்பீட்டில் செய்யலாம்.

இருபது கொண்டை ஊசி வளைவிலும் மடியில் தூங்கிவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டும்போது முழித்துச் சிரிக்கும் ஏற்காட்டுக் குழந்தைகள் எனக்குப் பழக்கம். வழியில் தூங்கவிடாதீர்கள், இங்கே வந்து பால் கொடுங்கள். தூக்க மருந்தை நீங்களாக மெடிக்கலில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அன்று தலைக்கு எண்ணெயும் வேண்டாம், ஸ்டிக்கர் ஒட்டாது.